எழுவத்தி நாலு கிலோ

இல்ல சார், அந்தக் கட்டத்துல இன்னும் எழுதாதீங்க. பேனாவ ரவ மூடி வெச்சிடுங்க. பைலட் எடைன்னு போட்டிருக்குது பாருங்க, அதுக்கு எந்தம்பி லாய்ட் போற அவசரத்துல வாயால ஒரு நம்பர் சொல்லிட்டுப் போனானே, எழுவத்தி நாலுன்னு, அத்தத்தான் சொல்றேன். தராசுல ஏத்திப் பாத்துதான் எழுதுவீங்களா? செரி. அது போதும் எனக்கு. அதுவரைக்கும் பேசிகினு இருக்கலாம், உக்காருங்க.

அந்த ஸ்டூலு வேணாம், ஆடும். இந்த சேர எடுத்துக்குங்க. தமிழ் நல்லா வருதே உங்களுக்கு! பெங்களூருலேர்ந்து ஆபீசர் வந்து ப்ளேன எடை போடப் போறாருன்னதும், ஐயோ, கன்னடத்துல பேசணுமேன்னு நெனச்சுகினு இருந்தேன். எனக்குக் கன்னடம் வரும். ஆனா அது கரெண்ட் பில்லு கட்ற கன்னடம், மனசுல கீறத எடுத்துச் சொல்ற கன்னடம் இல்ல.

லாய்ட் வர்றதுக்கு அர மணி நேரம் ஆவும். மூணு சக்கரத்துக்கு மூணு தராசு வோணும், நீங்க கொண்ணாந்ததுல ஒன்னு பேட்டரி போயிடுச்சு. ராபர்ட்சன்பேட்டைல வெங்காய மண்டிக்காரன் கைல கால்ல வுழுந்து ஒன்ன வாங்கியாறேன்னு போயிருக்கான். வெங்காயம் நிறுத்த தராசுல ஏரோப்ளேனு. போனப்பறந்தான் உங்ககிட்ட வாயத் தொறக்கணும்னு காலைலேர்ந்து காத்துகினு இருந்தேன் சார்.

நான் அவனுக்கு அக்கா. ஐடா. அஞ்சு வருசம் மூத்தவ. ரெண்டு பேரும் ஒரே வூட்லதான் கீறோம், மைசூர் மைன்ஸ் லைன்ல, பழைய தங்கச் சொரங்கத்துக் குடியிருப்புல. என் வூட்டுக்காரரு போயி ஒம்போது வருசம் ஆச்சு, இவன் கல்யாணமே பண்ணிக்கல. இந்த ஷெட்ட வாடகைக்கு எடுத்து, அலுமினியக் கொழாயும் துணியும் வாங்கிப் போட்டு, ஆறு வருசமா இதுகூடத்தான் குடும்பம் நடத்தறான். ஃபேக்டரில வெல்டரு அவன். நானும் அங்கதான், ட்ராயிங் ஆபீஸ்ல ப்ளான் படம் வரையற ட்ரேசரா இருந்து ரிடயர் ஆனேன். அதனால வெல்டிங்கு அவுனுது, கணக்கு என்னுது. நீங்க கைல வெச்சுகினு கீறீங்களே எடை நோட்டு, அந்த எழுத்து என் எழுத்துதான். நல்லா இருக்குதா? எழுத்து நல்லா இருக்கும் சார். உள்ள எழுதியிருக்கிறதுதான் பொய்யி.

பயந்துக்காதீங்க. நான் ப்ளேனப் பத்திச் சொல்லல.

இதுக்கு இன்ஜின் பின்னால, ஆளு முன்னால. உங்களுக்குத் தெரியாததா, எனக்குத் தெரியும்னு காட்டறதுக்காவ சொல்றேன், சிரிக்காதீங்க. சொரங்க ஷாஃப்ட்ல ஆள ஏத்தி எறக்கற ரெண்டு கேஜு இருக்கும் பாருங்க, ஒன்னு மேல வந்தா ஒன்னு கீழ போவும், ஒன்னுக்கு ஒன்னுதான் பாரம். அந்த மாதிரி இங்க பின்னால இன்ஜினு, முன்னால லாய்ட். அவன் எழுவத்தி நாலு கிலோன்னு வெச்சுதான் எல்லாத்தையும் எந்தெந்த எடத்துல மாட்டணும்னு நான் போட்டுக் குடுத்தேன். பேட்டரி இங்க, டேங்க்கு அங்க. எழுவத்தி நாலுக்கு அது தராசு முள்ளு மாதிரி நிக்கும். அவ்ளோ சுத்தம்.

அப்பறம் அந்த லிவரு. சீட்டுக்கு எடது பக்கம், சின்னதா, செவப்பு குமிழு. ட்ரிம்மு. ப்ளேனு மூக்கத் தூக்கிச்சுன்னா லிவர முன்னால தள்ளணும், மூக்கு கவுந்துச்சுன்னா பின்னால இழுக்கணும். செரியான எடத்துல வெச்சா கைய எடுத்துட்டாலும் நேராப் போவும். எந்த எடத்துல நேராப் போச்சோ அந்த எடத்துல லாய்ட் ஒரு புள்ளி வெச்சுடுவான். என் நெயில் பாலிஷ்ல. ஆமா சார், என் நெயில் பாலிஷ்தான். அறுவத்தொரு வயசுல போடக் கூடாதுன்னு எதுனா ரூல்ஸ் கீதா உங்க ஆபீஸ்ல?

மொதப் புள்ளி பிப்ரவரில வெச்சான். லிவருக்கு நட்டநடுவுல. எறங்கி வந்து என்னத் தூக்கி ஒரு சுத்து சுத்தனான். இன்னாடா பைத்தியம், வுடுடான்னேன். அக்கா, நீ போட்ட கணக்கு ஒரு நூலு கூடத் தப்பலன்னான். அன்னிக்கி என்னத் தூக்கனான் சார். அத்த ஞாபகத்துல வெச்சுக்குங்க.

மார்ச்சுல ரெண்டாவது புள்ளி. மொதல் புள்ளிக்கு ஒரு அரிசி நீளம் முன்னால. ஏப்ரல்ல இன்னொரு அரிசி. அக்கா, வால் கனம் காட்டுதுக்கா, மூக்கு தூக்கிகினே போவுதுன்னான். செரி, வாலுலதான் இன்னாவோ கோளாறுன்னு வாலக் கழட்டனான். வாஷர் குடுத்தான். துணிக்குள்ள தண்ணி பூந்து கீதான்னு தட்டித் தட்டிப் பாத்தான். குருவி கூடு கட்டியிருக்கும்னு டார்ச்சு அடிச்சான். மே மாசத்துல இன்னும் ரெண்டு அரிசி. ஒரு வாரம் பூரா இந்த வாலோட சண்ட. வெயில்ல நின்னுகினு அத்தத் திட்றான், அடிக்கறான், தடவிக் குடுக்கறான்.

எனக்கு ஒன்னு பழக்கம் சார். ஒரு அளவு ஒத்து வரலன்னா ஒடனே சாமானக் கொற சொல்ல மாட்டேன், கணக்குல எங்க ஓட்டன்னு பாப்பேன். நோட்ட எடுத்துகினு குந்தனேன். ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் எத்தினி மில்லிமீட்டரு, அவ்ளோ லிவரு தள்ளணும்னா வாலுல எவ்ளோ கனம் கூடியிருக்கணும். வாலுல ரெண்டு கிலோ கூடியிருக்கணும்னு வந்துச்சு. ரெண்டு கிலோ வாலுல எங்க கீது? கழட்டித்தான் பாத்தாச்சே. செரி, பின்னால கூடலன்னா முன்னால கொறஞ்சிருக்கணும். முன்னால எவ்ளோ கொறையணும்னு போட்டேன். நாலு கிலோ வந்துச்சு. முன்னால நாலு கிலோ கொறையறதுக்கு அங்க இன்னா கீது, லிவரு, சீட்டு, பெடலு. ஒன்னும் கழண்டு வுழுலியே.

அப்ப அவன் எதுருல குந்திகினு சாப்டுகினு இருந்தான். இன்னும் ரவ பருப்பு ஊத்தட்டுமான்னு தலையத் தூக்கனேன். சட்டக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல என் ரெண்டு வெரலு போவும் சார். அவ்ளோ எடம். தெனம் அவனத்தான் பாத்துகினு கீறேன், தெனம் பாத்ததால தெரியல. லிவருக்குத் தெரிஞ்சுது. கூடப் பொறந்தவளுக்குத் தெரியல.

சொல்லல. இல்ல சார், சொல்லல. எப்பிடிச் சொல்றது? நோட்ட மூடிட்டு ரசம் ஊத்தனேன்.

அடுத்த வாரம், காலு வலிக்குதுடா, கோலார் பெரியாஸ்பத்திரிக்கு என்ன இட்டுகினு போடான்னு சொன்னேன். எனக்குன்னு சொன்னாத்தான் கெளம்புவான். பஸ்ல போறப்ப மெதுவா, நீயும் அப்பிடியே ஒரு ரத்தம் குடுத்துப் பாத்துக்கோயேன், இருமல் நிக்கவே மாட்டேங்குதேன்னேன். பங்காருபேட்டைல டீ குடிக்கறேன்னு எறங்கனான். எறங்கனவன் எறங்கனவன்தான். நான் தனியா கோலாருக்குப் போயி, இல்லாத கால் வலிக்கு மாத்தர வாங்கிகினு வந்தேன். வூட்டுக்கு வந்தா இவன் கோழி வாங்கிச் சமைச்சு வெச்சுகினு குந்தியிருக்கான். பேப்பர் கைக்கு வரட்டும்க்கா, அப்பறம் நீ சொல்ற எல்லா டாக்டரையும் பாக்கறேன். அஷ்டே, அவ்ளோதான். அதுக்கு மேல பேச்சே கெடையாது.

பேப்பர்னா நீங்க குடுக்கப் போற பேப்பருதான் சார். இந்த ரன்வே ஸ்ட்ரிப்ப விட்டு வெளிய பறக்கலாம்னு. அது வந்தா மைசூருக்குப் பறந்து போவணும்னு மேப்பு கூடப் போட்டு வெச்சிருக்கான். வராம போச்சுன்னா அவன் மனசு வுட்டுப் போயிடும். வந்துச்சுன்னா இன்னா ஆவும்னு நான் சொல்லவே வேணாம்.

அதுக்கப்பறம் நான் ஒரு வேல பண்ணேன். இந்தக் குஷனப் பாருங்க. சீட்டு குஷன். காலைலேர்ந்து இத்த மடில வெச்சுகினு குந்தியிருக்கேன், இன்னாடா இந்தம்மா தலகாணிய வெச்சுகினு கீதேன்னு நீங்களும் பாத்துகினே இருந்தீங்க. தூக்கிப் பாருங்க. கூச்சப்படாதீங்க, தூக்குங்க. ரெண்டு கையும் குடுங்க.

எட்டு கிலோ. டயர் கடைல வீலு பேலன்ஸ் பண்றதுக்கு ஒட்டுவாங்களே ஈயத் துண்டு, அது. மொதல்ல நாலு கிலோ வெச்சுத் தச்சேன். லிவரு திரும்ப முன்னால நவுர ஆரம்பிச்சதும் பிரிச்சு இன்னும் நாலு. அவன் குந்தற எடத்துலயே வெச்சா அவன் கொறஞ்சதுக்கு அப்பிடியே செரியாப் போயிடும், கணக்குக்கு ரொம்ப சுலுவு. பால் குடுத்தேன், முட்ட குடுத்தேன், ஆட்டுக்கால் சூப்பு வெச்சுக் குடுத்தேன். ஒன்னும் ஒடம்புல ஒட்டல. வயித்துல போவாதத அடில வெச்சுத் தச்சேன்.

லிவரு நடுவுக்கு வந்துடுச்சு. இவனுக்கு அவ்ளோ சந்தோசம். பாத்தியாக்கா, வாஷர்தான், நான் அப்பவே சொன்னேன்ல, வாலுதான்னு. தெருவுல போறவன் வர்றவன் எல்லார்கிட்டயும் வாஷரு கத. நானும் ஆமாடா ஆமாடான்னேன். திட்டணும்னா திட்டிடுங்க சார். அவன் கீழ வுழுந்துடக் கூடாதுன்னுதான் பண்ணேன். ஆனா அதனாலதான் அவன் டாக்டர்கிட்டப் போவாம இருந்துட்டான். ரெண்டும் நெசம். இந்த ரெண்டு நெசத்த வெச்சுகினு தூக்கம் வரல எனக்கு.

இன்னாத்துக்கு இப்ப சொல்றேனா? ஞாயித்துக்கெழம நடந்தத வெச்சுதான்.

ஞாயித்துக்கெழம பறந்துட்டு எறங்கறப்ப மூக்காலயே தரைல குத்தனான். முன் சக்கரம் தட்டுனு அடிச்சு, ஃபோர்க்கு ரவ வளஞ்சுடுச்சு. அங்க, வெல்டு அடிச்ச எடம் புதுசாக் கீது பாருங்க. காத்துக்கா, காத்து தள்ளிடுச்சுன்னான். அன்னிக்கி என் சேல முந்தான கூட ஆடல சார். அவன் கைகால் கழுவப் போனதும் உள்ள எட்டிப் பாத்தேன். லிவரு பின்னால, கடேசி வரைக்கும் பின்னால கெடக்குது. அதுக்கு மேல இழுக்க எடமே இல்ல. இத்தினி மாசமா வால் கனம், வால் கனம்னு அழுத ப்ளேனு, திடீர்னு மூக்கு கனம்ன்னுது.

நான் எட்டு கிலோவுக்கு மேல வெக்கல. அப்ப வேற யாரோ வெச்சிருக்கணும். பெடலுக்கு அடில கைய விட்டேன். ஒரு துணிப் பை, கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்குது. ஆறு கிலோ ஈயம். அதே டயர் கட. கடக்காரன் கூட நெனச்சிருப்பான், இன்னாடா இது, அக்காவும் தம்பியும் கார் இல்லாமலே வீலு பேலன்ஸ் பண்றாங்களேன்னு. இப்பவும் அங்கதான் கீது, நீங்க பாக்கணும்னுதான் எடுக்கல.

ஆமா சார். அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. மெடிக்கல் ஷாப் வாசல்ல மிஷின் கீதே, அதுல ஏறிப் பாத்திருப்பான் போல. எவ்ளோ கொறஞ்சிருக்கோமோ அத்தினிக்கும் செரியா கணக்குப் போட்டு மூக்குல வெச்சுட்டான். கணக்கு தப்பே இல்ல. ஆனா குஷன்ல ஏற்கனவே நான் வெச்சிருக்கேன்னு அவனுக்குத் தெரியாது. அவன் எனக்குத் தெரியக் கூடாதுன்னு வெச்சான், நான் அவனுக்குத் தெரியக் கூடாதுன்னு வெச்சேன். ரெண்டு பேரும் சேந்து அவனத் தரைல குத்தப் பாத்துட்டோம்.

வாயத் தொறந்து பேசிக்க மாட்டீங்களான்னா? நல்லாக் கேட்டீங்க. எங்க வூட்ல அந்தப் பழக்கம் இல்ல சார். எங்க நைனாகிட்டேர்ந்து வந்தது.

நைனா மைன்ஸ்ல ட்ரில்லரு. இன்பராஜ்னா சொரங்கத்துல அவரு எறங்கற லெவல்ல எல்லாருக்கும் தெரியும். வருசத்துக்கு ஒரு தடவ மெடிக்கல் இருக்கும். மொதல்ல தராசுல ஏத்துவாங்க. போன வருசத்த விட எடை ரொம்பக் கொறஞ்சிருந்தா நெஞ்சப் படம் எடுக்கச் சொல்லுவாங்க, படத்துல தூசி தெரிஞ்சா சொரங்கத்த விட்டு மேல் வேலைக்கு மாத்திடுவாங்க. மேல் வேலன்னா நைனாவுக்கு அவமானம். கேஜுல எறங்காதவன் ஆம்பளையாம்பாரு. எடை கொறஞ்சுகினே வந்துச்சு. இவரு இன்னா பண்ணாரு தெரிமா? நாலு ட்ரில் பிட்டு. பாறைய ஓட்ட போடற இரும்பு, முஷ்டி அளவு இருக்கும், நாலும் சேத்து மூணு கிலோ. அத்த அரக்கால் சட்டைக்கு உள்ள வெச்சுகினு தராசுல ஏறிட்டாரு. எடை பாத்தவருக்கு இன்னா தெரியும், முள்ளு காட்டனத எழுதிகினாரு. மூணு வருசம் அப்பிடித்தான் ஓட்டனாரு. மூணு வருசமும் கீழ எறங்கனாரு. நாலாவது வருசம் தராசு வரைக்கும் நடக்கவே முடில அவரால.

அந்த உள்பாக்கெட்டு தச்சது நான் சார். பதிமூணு வயசு எனக்கு. அம்மா தைக்கச் சொல்லிச்சு, தச்சேன். லாய்டுக்கு எட்டு வயசு, பக்கத்துலயே குந்திகினு ஊசிக்கு நூல் கோத்துக் கோத்துக் குடுத்தான். இன்னாத்துக்கு பாக்கெட்டுன்னு அவனும் கேக்கல, நானும் கேக்கல. நைனா போனப்பறம் அந்த நாலு பிட்டையும் எடுத்து அம்மா ஏசப்பா படத்துக்குக் கீழ வெச்சுது. அம்மாவும் போச்சு. பிட்டு மட்டும் அங்கயே கீது, வாரத்துக்கு ஒரு தடவ தொடச்சு வெப்பேன்.

இன்னிக்கிக் காலைல மெழுகுவத்தி ஏத்தலாம்னு போனேன். பிட்டு இல்ல. நாலு ரவுண்டு அச்சு, தூசி இல்லாம, அவ்ளோதான்.

அந்தா, வண்டிச் சத்தம். அவனுதுதான், சைலன்சரு ஓட்ட. தராசு கெடச்சிருக்கும், ஆரன் அடிக்கறான் பாருங்க, சந்தோசத்த. சார், சீக்கிரம் சொல்லிடறேன். ப்ளேன மொதல்ல ஏத்தாதீங்க. மொதல்ல ஆள ஏத்துங்க. ஏத்தறப்ப நான் இங்க இருக்க மாட்டேன், டீ வாங்கியாறேன்னு போயிடுவேன். நான் இருந்தா அவன் என் மொகத்தப் பாப்பான், நான் வேற எங்கனா பாப்பேன், திரும்பப் பழையபடி ஆயிடும். வெளி ஆளு, கவர்மெண்டு ஆளு, நீங்கதான் சொல்லணும். திட்டாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாப்பா, ப்ளேன் எங்கயும் போவாதுன்னு மட்டும் சொல்லுங்க.

ஷூவக் கழட்டச் சொல்லுங்க, அதுலயும் எதுனா வெச்சிருப்பான், மூணு கிலோ மட்டும் அவனுக்குப் பத்தாது. போனு, சாவி, எல்லாத்தையும் வெளிய வெக்கச் சொல்லுங்க. அப்பறம் பேண்ட்டுல வலது பக்கம், இடுப்புக்குக் கீழ, உள்பக்கமாக் கைய வெச்சுப் பாருங்க. நீங்க பைலட்டையும் நிறுப்பீங்கன்னு சனிக்கெழம போன் பண்ணீங்க இல்ல, திங்கக்கெழம அந்தப் பேண்ட்டக் கொண்ணாந்து குடுத்தான். பர்சு வெக்கறதுக்கு உள்ள ஒரு பாக்கெட்டு வெச்சுக் குடுக்கான்னான். இன்னாத்துக்குடான்னு கேக்கல சார். டபுள் தையல் போட்டுக் குடுத்துட்டேன்.